பஹ்ரைனின் அரசியல் வரலாற்றைப் பேரேடு போட்டுப் படிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் பிள்ளையோ மருமகனோ பஹ்ரைனில் வேலை பார்க்கும் வீடுகள் பல உள்ளன. தினாரின் அன்றைய மதிப்பு அந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அந்த நாட்டில் சட்டம் இயற்றுபவர் யார், அதைத் தடுத்து நிறுத்த வல்லவர் யார், 2011இல் அங்கே நடந்தது என்ன என்று கேட்டால் விடை சொல்வோர் குறைவு. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போவதையே வாழ்முறையாகக் கொண்ட தலைமுறைகள் வாழ்ந்த செட்டிநாட்டுக்கு இந்த அறியாமை நல்லதன்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் 1930களின் இறுதியில் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் நில தேசியமயச் சட்டமும் 1962இல் வந்த ராணுவ ஆட்சியும் அந்த நிலத்தையும் அதைச் சார்ந்த கொடுக்கல் வாங்கலையும் முடித்துவைத்தன. மேலாள் முதல் பெட்டியடிப் பையன்வரை எல்லோரும் வட்டியையும் நெல்விலையையும் நாள்தோறும் குறித்துவைத்த கடைகள் அவை. அவற்றின் முடிவை எழுதியதோ ரங்கூனின் அரசியல்.

ஆகவே வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பத்தார்க்கும், வேலைக்குப் புறப்படும் இளைஞர்களுக்கும், ஊர் வாசகசாலைகளில் மாலை வகுப்பு நடத்துவோர்க்கும் பயன்படும்படி, பஹ்ரைனின் நவீன அரசியல் வரலாற்றை ஒழுங்காகப் படிக்கும் வழி ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதற்கு அரபு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டு, ஒரு பென்சில், பஹ்ரைனின் நல்ல வரைபடம் ஒன்று, இணைய இணைப்பு ஆகியவை போதும்.

ஏட்டைத் தயார் செய்தல்

நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து ஐந்து பத்திகளாகக் கோடு போடுங்கள். முதற்பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் கேட்டவர் யார், மூன்றாவதில் அவர் கேட்டது என்ன, நான்காவதில் ஆட்சியாளர் தந்தது என்ன, ஐந்தாவதில் சில ஆண்டுகள் கழித்துக் கையில் நின்றது என்ன. நம் பாட்டன்மார் பற்று, வரவு எழுதி ஐந்தொகை எடுத்த பேரேட்டின் முறைதான் இது. நாட்டின் வரலாற்றுக்கு இம்முறை பொருந்துமா என்று ஐயுறுவோர் பஹ்ரைனைப் பொறுத்தவரை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். ஏனெனில் அந்த நாட்டின் நூறாண்டு அரசியல், மக்கள் ஓர் அவையைக் கேட்பதும், ஆட்சியாளர் அதை ஒருவடிவில் தருவதும், தந்ததைப் பின்னர் சுருக்குவதோ கலைப்பதோ ஆக மீண்டும் மீண்டும் நடந்துள்ளது. நாலாம் பத்தியோடு நிறுத்திவிட்டவர் அரசின் அறிக்கையை நம்புவார். மூன்றாம் பத்தியோடு நிறுத்தியவர் எதிர்ப்பாளரின் துண்டறிக்கையை நம்புவார். ஐந்தாம் பத்தியைப் பொறுமையாக நிரப்புபவர்க்கே நடந்தது விளங்கும். அந்தப் பத்தியைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். திருத்த வேண்டிய தேவை அடிக்கடி வரும்.

எழுதத் தொடங்குமுன் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். மொத்தப் பரப்பு சுமார் 780 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். தலைநகர் மனாமா, அதற்கு முன் ஆட்சிப்பீடமாக இருந்த முஹர்ரக், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையுள்ள சித்ரா, அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாம் பிரிவு தங்கியுள்ள ஜுஃபைர், ஆளும் குடும்பத்தார் வாழும் ரிஃபா ஆகிய ஐந்து இடங்களையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மேற்கே 1986இல் திறக்கப்பட்ட, சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம் சவூதி அரேபியாவோடு தீவை இணைக்கிறது. 2011இன் பக்கத்தை எழுதும்போது இந்தப் பாலம் மீண்டும் வரும்.

முத்துக் காலம்: விரைந்து கடக்க வேண்டியதும் நின்று பார்க்க வேண்டியதும்

போர்ச்சுகீசியர், பாரசீகர் காலங்களுக்கு ஒரு வரி போதும். 1783இல் கத்தார்க் கரையின் ஸுபாராவிலிருந்து வந்த அல் கலீஃபா குடும்பம் தீவைக் கைப்பற்றியது. இன்றுவரை ஆள்வது அக்குடும்பமே. குடும்பம் சன்னி; தீவின் பழைய வேளாண் குடிகளும் பேரீச்சந் தோட்டத்தாரும் பெரும்பாலும் ஷியா. 1820, 1861, 1880, 1892 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் பஹ்ரைனின் வெளியுறவு பிரிட்டனின் கைக்குப் போனது. அந்தப் பிரிட்டன் நமக்கு அந்நியமான பிரிட்டன் அன்று. பம்பாயிலும் சிம்லாவிலும் இருந்து இந்தியாவை ஆண்ட அதே நிர்வாகம்தான் 1947வரை வளைகுடாவையும் கவனித்தது.

நின்று பார்க்க வேண்டியது முத்துத் தொழிலின் கடன்முறை. ஷேக்குகளிடமும் வணிகரிடமும் பணம் பெற்ற நகுதா என்னும் படகுத் தலைவர், முத்துக் குளிப்போர்க்குப் பருவத்துக்கு முன் முன்பணம் கொடுப்பார்; பருவம் முடிந்து முத்து விற்ற பின் பங்கிலிருந்து கழிப்பார். கழித்தும் தீராத கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். குளிப்பவர் இறந்தால் மகன் தலையில் விழும். கணக்கு நகுதாவின் ஏட்டில் மட்டுமே இருந்ததால், தான் எவ்வளவு பட்டிருக்கிறோம் என்பதே குளிப்பவர்க்குத் தெரியாது. 1920களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கொண்டுவந்த சீர்திருத்தங்களுள் முதன்மையானது, ஒவ்வொரு முத்துக் குளிப்பவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்ற விதி. கொடுக்கல் வாங்கலில் ஊறிய செட்டிநாட்டு வாசகர்க்கு இந்த விதியின் கனம் சொல்லாமலே விளங்கும். கடன் பட்டவன் கையிலும் ஒரு படி இருக்கிறது என்றால் அதிகாரத்தின் எடையே மாறிவிடுகிறது. 1932இல் முன்பணம் குறைந்ததை எதிர்த்து முத்துக் குளிப்போர் கலகம் செய்தபோது, அதை வெறும் கூலிக் கலகம் என்று எழுதாமல் பேரேட்டின் முதல் வரிசையில் ஒன்றாக எழுதுங்கள்.

அதே சீர்திருத்தங்களால் ஷியா கிராமத்தாரிடம் வாங்கிய தலைவரியும் கட்டாய வேலையும் ஒழிந்தன. நிலங்கள் அளந்து பதியப்பட்டன. கேட்டது கிராமத்தார், தந்தது பிரிட்டன். 1869 முதல் ஆண்ட ஷேக் ஈசா பின் அலி இவற்றை எதிர்த்ததால், 1923இல் பிரிட்டனின் அரசியல் முகவர் மேஜர் டேலியின் காலத்தில் அதிகாரம் அவர் மகன் ஹமதிடம் மாற்றப்பட்டது. ஐந்தாம் பத்தியில் இரண்டு குறிப்பு எழுத வேண்டும்: ஒன்று, எளியவர்க்கு உண்மையான நன்மை நின்றது; இரண்டு, நன்மையைத் தந்தவர் எவர்க்கும் பதில் சொல்ல வேண்டியவராக இல்லை. 1925இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் வந்த விளம்பரத்துக்கு விண்ணப்பித்து, 1926இல் வந்துசேர்ந்த சார்ல்ஸ் பெல்கிரேவ் 1957வரை ஆட்சியாளரின் ஆலோசகராக இருந்து நீதிமன்றம், காவல், வரவு செலவு யாவற்றையும் நடத்தினார் என்பது இந்த இரண்டாம் குறிப்புக்குச் சான்று.

இந்தக் காலத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய தபால் தலைகளைப் புரட்டும்போது, நம் இந்தியத் தபால் தலையின்மேல் கருப்பு மையில் ‘பஹ்ரைன்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்த ஒன்று கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் தலையோ ஆறாம் ஜார்ஜின் தலையோ இருக்கும். விலை அணாவில் இருக்கும். 1933 முதல் 1940களின் பிற்பகுதிவரை பஹ்ரைனில் கடிதம் போனது இந்தத் தலைகளோடுதான். பணமும் அப்படியே. இந்திய ரூபாய் அங்கே செல்லுபடியானது. 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென நிறம் மாற்றித் தனி நோட்டு அச்சிட்டது. 1965இல் பஹ்ரைன் தினார் வந்தபோது பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்று மாற்றினார்கள். வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவர் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். எட்டாத அரபு நாட்டின் கதை என்ற எண்ணம் அங்கே விலகுகிறது.

1932: எண்ணெய்

அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ஜபல் அத் துகான் குன்றின் அடியில் முதல் கிணறு எண்ணெய் தந்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் அதுவே முதலாவது. ஜப்பானின் வளர்ப்பு முத்தாலும் உலகப் பொருளாதார மந்தத்தாலும் முத்துத் தொழில் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. படகிலிருந்து இறங்கியவர்கள் பாப்கோ என்னும் எண்ணெய்க் கம்பெனியின் வாயிலில் நின்றார்கள். அரசியலில் இதன் விளைவு, ஷியாவும் சன்னியும் ஒரே கூலியும் ஒரே மேற்பார்வையாளரும் உள்ள ஒரே இடத்தில் சேர்ந்தது. 1938இல் எண்ணெய்த் தொழிலாளரும் வணிகரும் மாணவரும் ஒன்றாய்ச் சேர்ந்து மக்கள் அவையும் தொழிற்சங்கமும் கேட்டனர். தலைவர்கள் கைதாயினர், சிலர் நாடுகடத்தப்பட்ட இடம் இந்தியா. அவர்களுள் ஒருவர் ஸஅத் அல் ஷம்லான். இந்தப் பெயரின்கீழ் கோடிடுங்கள்.

1954 முதல் 1956 வரை: அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

பஹ்ரைன் வரலாற்றைச் சன்னி, ஷியா சண்டை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவோர் தவறாமல் தாண்டிவிடும் பக்கம் இது. 1953இல் முஹர்ரம் ஊர்வலத்தின்போது இரு பிரிவினரும் மோதிக்கொண்டது உண்மை. அதற்கடுத்த ஆண்டே இரு பிரிவினரும் சேர்ந்து பொதுக்குழு அமைத்ததும் அதே அளவு உண்மை. நடுவே நடந்தது டாக்ஸி, பஸ் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம். வண்டிக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய ஆணையை அவர்கள் எதிர்த்தபோது, அப்துல் ரஹ்மான் அல் பாகிர் என்பவர் ஓட்டுநர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிதி ஒன்றை அமைத்துக் காட்டினார். அந்த நம்பிக்கையிலிருந்து 1954 அக்டோபரில் உயர் செயற்குழு பிறந்தது. குழுவில் எண்மர், நால்வர் சன்னி, நால்வர் ஷியா. அவர்கள் கேட்டவை நான்கு: தேர்ந்தெடுக்கப்பட்ட சட்ட அவை, எழுதப்பட்ட சட்டத்தொகுப்பு, தொழிற்சங்க உரிமை, உயர் நீதிமன்றம். மூன்றாம் பத்தியில் இந்த நான்கையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பின்னாளில் 1973, 1994, 2001, 2011 ஆகிய எல்லா ஆண்டுகளிலும் இவற்றில் ஏதாவது ஒன்று திரும்ப வருவதைக் கண்டு வியப்பீர்கள்.

தந்தது என்ன? 1956இல் தேசிய ஒன்றியக் குழு என்ற பெயரில் அங்கீகாரம் கிடைத்தது. அவை கிடைக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் சூயஸ் போரால் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து தலைவர்கள் கைதாயினர். ஆளும் குடும்பத்தாரே நீதிபதிகளாய் அமர்ந்த விசாரணைக்குப் பின் மூவரைப் பிரிட்டிஷ் கப்பலேற்றி, நெப்போலியனை வைத்திருந்த செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பினர். அல் பாகிர், அப்துல் அலி அல் அலைவாத், அப்துல் அஜீஸ் அல் ஷம்லான் ஆகியோர் அம்மூவர். கடைசிப் பெயருக்குரியவர் 1938இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஸஅதின் மகன். 1961இல் விடுதலையான அவர் 1972இன் அரசமைப்பு அவையில் உறுப்பினராக அமர்ந்தார். தந்தை கேட்டு நாடிழந்த ஒன்றை மகனும் கேட்டுத் தீவுச்சிறை கண்டு, பின்னர் அதை எழுதும் அவையிலேயே இடம்பெற்றார் என்பதை ஒரே குடும்பத்தின் வழியே காணும்போது, ஆண்டுகளை மனனம் செய்ய வேண்டிய தேவை மறைகிறது.

1970 முதல் 1975 வரை: வரலாற்றின் கீல்

பெரும்பாலோர் 2011இலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் தொடங்க வேண்டிய ஆண்டு 1975. அதை விளங்கிக்கொள்ள ஐந்தாண்டு பின்னே போக வேண்டும்.

சூயஸுக்குக் கிழக்கிலிருந்து 1971க்குள் விலகுவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தது. பஹ்ரைன் தன் பதினான்காம் மாகாணம் என்று 1957 முதல் சொல்லிவந்த ஈரான் குறுக்கே நின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1970இல் இத்தாலிய தூதர் வின்ஸ்பியர் கிச்சியார்டியை அனுப்பி, சங்கங்களையும் ஊர்த் தலைவர்களையும் கேட்டறியச் செய்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை, கேட்டறிந்ததே அடிப்படை. மக்கள் முழு இறைமையுள்ள சுதந்திர நாட்டையே விரும்புகிறார்கள் என்ற அவர் அறிக்கையை 1970 மே 11 அன்று பாதுகாப்பு அவையின் 278ஆம் தீர்மானம் ஒருமனதாக ஏற்றது, ஈரானும் ஒப்புக்கொண்டது. இதை நிறுத்திப் படிக்க வேண்டும். ஈரானோடு சேர ஷியா மக்கள் காத்திருக்கிறார்கள் என்று பிற்காலத்தில் அடிக்கடி சொல்லப்படும் பேச்சுக்கு, அம்மக்கள் நேரில் கேட்கப்பட்டபோது சொன்ன விடை இந்த ஆவணத்தில் இருக்கிறது.

1971 ஆகஸ்ட் 15 அன்று, நமக்குப் பழகிய அதே தேதியில், பஹ்ரைன் சுதந்திரம் அறிவித்தது. ஆனால் தேசிய நாளாகக் கொண்டாடுவது டிசம்பர் 16. 1961இல் ஷேக் ஈசா பின் சல்மான் பட்டத்துக்கு வந்ததை நினைவுகூரும் நாள் அது. அவர் தம்பி கலீஃபா பின் சல்மான் 1970இல் ஏற்ற அரசுத் தலைமைப் பொறுப்பைப் பிரதமராக 2020 நவம்பரில் இறக்கும்வரை வகித்தார். ஏட்டின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதி 1970இலிருந்து 2020வரை ஒரு நீளக் கோடு இழுங்கள். அடுத்து வரும் எல்லா நிகழ்ச்சிகளும் அந்தக் கோட்டுக்குள் அடங்கும்.

1972 டிசம்பரில் அரசமைப்பு அவைக்குத் தேர்தல். 1973 டிசம்பரில் அரசமைப்பு நடைமுறைக்கு வந்து, தேசிய அவைக்கும் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் 30 பேர். அமைச்சர் 14 பேர் பதவியால் உறுப்பினர். பெண்களுக்கு வாக்கில்லை. குறை இருந்தும், கேள்வி கேட்கவும் சட்டத்தை மறுக்கவும் அந்த அவைக்கு உண்மையான வலு இருந்தது. அதற்குச் சோதனை உடனே வந்தது. 1974 அக்டோபரில் அரசு பிறப்பித்த அரசுப் பாதுகாப்பு ஆணை, எவரையும் வழக்கு விசாரணையின்றி மூன்றாண்டு அடைத்துவைக்க இடம் தந்தது. இடதுசாரிச் சார்புள்ள மக்கள் அணியும், ஷியா மதச்சார்பு அணியும், கொள்கையில் எதிரெதிரானவை. ஆயினும் இந்த ஆணையை மறுப்பதில் ஒன்றாயின. 1975 ஆகஸ்டில் அமீர், அதாவது ஆட்சியாளர் ஈசா, அவையைக் கலைத்தார். அரசமைப்பின்படி மீண்டும் நடத்தியிருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. ஆணை மட்டும் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நின்றது.

ஐந்தாம் பத்தியில் இதை எழுதும்போது ஒரு கேள்வியையும் அடிக்கோடிட்டு எழுதுங்கள்: இந்த அவையைக் கலைக்க வல்லவர் யார், கலைத்த பின் தேர்தல் நடத்த அவரைக் கட்டாயப்படுத்த வல்லவர் யார்? இனிப் பஹ்ரைனில் எந்த அவையைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இக்கேள்வி. உறுப்பினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கட்டடம் எவ்வளவு அழகு என்பவை அதற்குப் பிறகு.

மனுக்களின் காலமும் 2001ஆம் ஆண்டின் மகிழ்ச்சியும்

1981இல் ஒரு கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. ஒரு வரி போதும். 1992இலும் 1994இலும் சன்னி, ஷியா, மதச்சார்பற்றோர் என எல்லாத் தரப்பினரும் கையெழுத்திட்டு 1973இன் அரசமைப்பை மீண்டும் நடைமுறைப்படுத்தக் கோரிய மனுக்களை எழுதினர். 1993இல் தரப்பட்டது முழுவதும் நியமன உறுப்பினர் கொண்ட ஆலோசனை அவை. 1994 இறுதியில் ஷியா மதகுரு ஷேக் அலி சல்மான் கைதான பின் தெருவில் தொடங்கிய கிளர்ச்சி பத்தாண்டின் முடிவுவரை நீடித்தது. சிறையும் வதையும் நாடுகடத்தலும் நிறைந்த ஆண்டுகள் அவை.

1999 மார்ச்சில் ஈசா இறக்க, மகன் ஹமத் பட்டத்துக்கு வந்தார். கைதிகளை விடுவித்தார், நாடுகடத்தப்பட்டவரைத் திரும்ப அழைத்தார், 1974இன் பாதுகாப்பு ஆணையை நீக்கினார். 2001 பிப்ரவரி 14, 15 தேதிகளில் ஆட்சிச் சீர்திருத்தத் திட்டமான தேசியச் செயல் சாசனத்தின்மேல் பொதுவாக்கெடுப்பு நடந்தது, 98.4 சதவீதம் பேர் ஆம் என்றனர். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்து எழுத வேண்டாம்.

இப்போது இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். வகுப்பு நடத்துவோர் இதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கலாம். இரண்டின் ஆங்கில வடிவமும் இணையத்தில் கிடைக்கின்றன. 2001இன் சாசனத்தில் இரண்டு அவை என்ற பகுதியைப் பாருங்கள்: மக்கள் தேர்ந்தெடுக்கும் அவைக்குச் சட்டமியற்றும் வேலை, நியமன அவைக்கு, அறிவும் அனுபவமும் உள்ளோர் கருத்துச் சொல்லும் வேலை. அடுத்து, சரியாக ஓராண்டு கழித்து 2002 பிப்ரவரி 14 அன்று மன்னரின் ஆணையால் வந்த அரசமைப்பைப் பாருங்கள். நாடு அமீரகத்திலிருந்து முடியரசாயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையில் 40 பேர். நியமன ஷூரா அவையிலும் 40 பேர். எந்தச் சட்டமும் இரு அவையையும் கடக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் கூட்டு அமர்வு, அதற்குத் தலைமை ஷூராவின் தலைவர். நாற்பதுக்கு நாற்பது என்ற இந்த எண்ணே 1973க்கும் 2002க்கும் உள்ள தொலைவை அளந்து காட்டுகிறது: அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருக்குப் பதினான்கு அமைச்சர், இன்று சரிபாதி நியமனம். அரசமைப்பு அவை எதுவும் கூடவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. வாக்களித்தது ஒன்றுக்கு, கிடைத்தது வேறொன்று என்று எதிர்க்கட்சியினர் கொதித்ததன் காரணம் இதுவே. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். பெண்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றதையும் அதே வரிசையில் எழுத வேண்டும். அது நின்ற வரவு.

2002 தேர்தலை ஷியாக்களின் பெரிய அமைப்பான அல் விஃபாக் புறக்கணித்தது. 2006இல் போட்டியிட்டு 40இல் 17 இடமும், 2010இல் 18 இடமும் பெற்றது. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2011ஐப் படிக்கும் வழி

இந்த ஆண்டுக்கு நாள்வாரியாகத் தனித்தாள் போடுங்கள். பிப்ரவரி 14, சாசன வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டு நாளில் ஊர்வலங்கள். கூட்டம் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் தங்கியது. 17ஆம் தேதி விடியுமுன் காவல்துறை புகுந்து கலைத்தது, உயிர்கள் போயின. அல் விஃபாக்கின் 18 உறுப்பினரும் பதவி விலகினர். மார்ச் 13 அன்று பட்டத்து இளவரசர் சல்மான் ஏழு கொள்கைகளின் அடிப்படையில் பேச்சுக்கு அழைத்தார்: முழு அதிகாரமுள்ள அவை, மக்கள் விருப்பத்தைக் காட்டும் அரசு, நியாயமான தொகுதிகள் ஆகியவை அவற்றுள் அடக்கம். மறுநாளே, மார்ச் 14, சவூதிப் படையும் ஐக்கிய அரபு அமீரகக் காவலரும் கடற்பாலத்தைக் கடந்து வந்தனர். 15இல் நெருக்கடி நிலை. 18இல் சதுக்கத்தின் நினைவுத் தூணை இடித்தனர்.

அந்தத் தூணின் படத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். 1982இல் வளைகுடா நாடுகளின் உச்சி மாநாட்டுக்காக எழுப்பியது. ஆறு நாடுகளுக்கு ஆறு பாய்கள் மேல்நோக்கி வளைந்து உச்சியில் ஒரு முத்தைத் தாங்கும். 500 ஃபில்ஸ் (அரைத் தினார்) நாணயத்தின் முகத்தில் இதே உருவம் இருந்தது. இடித்த பின் அந்த நாணயமும் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. இடிக்கும் வேலையில் கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இடிபாட்டில் சிக்கி இறந்தார்.

இந்த ஆண்டைப் பற்றி ஒரே ஓர் ஆவணம்தான் படிக்க நேரம் உண்டு என்றால், பன்னாட்டுச் சட்ட அறிஞர் ஷெரிஃப் பஸ்யூனி தலைமையிலான சுயேச்சை விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படியுங்கள். மன்னரே அமைத்த குழு. 2011 நவம்பர் 23 அன்று மன்னர் முன்னிலையிலேயே அறிக்கை வாசிக்கப்பட்டது. பிப்ரவரி 14க்கும் ஏப்ரல் 15க்கும் இடையே 35 பேர் இறந்ததை அது பதிவு செய்தது. அவர்களுள் ஐவர் பாதுகாப்புப் படையினர். காவலில் வதையால் இறந்தவரும் ஐவர். ஈரானின் கை இருந்ததற்கு, அரசு தந்த சான்றுகளிலிருந்து தெளிவான தொடர்பு எதையும் நிறுவ முடியவில்லை என்றது. வெளிநாட்டுத் தொழிலாளர்மேல் நடந்த தாக்குதல்களுக்கும் அதில் தனிப்பகுதி உண்டு. தெற்காசியர் அடிபட்டதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். ஓர் அரசு தன்னைப் பற்றி இப்படியொரு அறிக்கையை வரவேற்றுக் கையில் வாங்கியது மதிக்கத்தக்கது. பரிந்துரைகளுள் எவை நிறைவேறின என்பது ஐந்தாம் பத்திக்குரிய வேலை. அதற்குத் தனியே ஒரு பக்கம் தேவைப்படும்.

2011க்குப் பின் வந்தவற்றில் வரிசையாய் எழுத வேண்டியவை: 2012இன் திருத்தத்தால் கூட்டு அமர்வின் தலைமை தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் தலைவர்க்கு மாறியது, 2016இல் அல் விஃபாக்கும் 2017இல் இடதுசாரி அமைப்பான வஅதும் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டன, 2017இல் சுயேச்சை நாளிதழான அல் வசத் நிறுத்தப்பட்டது, 2018இல் கலைக்கப்பட்ட அமைப்புகளின் உறுப்பினர் தேர்தலில் நிற்கத் தடை வந்தது, அதே ஆண்டு அலி சல்மானுக்கு ஆயுள் தண்டனை, 2020 நவம்பரில் இளவரசர் சல்மான் பிரதமரானார், 2024 ஏப்ரலில் மன்னர் 1,500க்கு மேற்பட்ட கைதிகளுக்கு மன்னிப்பளித்தார்.

படிக்கும்போது கவனிக்க வேண்டிய சில

ஆங்கிலச் செய்திகளில் ‘ஷியாப் பெரும்பான்மை’ என்ற சொற்றொடர் அடிக்கடி வரும். 1941இன் கணக்கெடுப்பு பிரிவுவாரியாக எண்ணியதில் ஷியாக்கள் பாதிக்குச் சற்று மேல் இருந்தனர். இன்று வெளியிடப்படும் கணக்குகளில் அந்தப் பிரிப்பு இல்லை. ஆகவே துல்லியமான சதவீதம் எதையும் ஏட்டில் ஏற்றாதீர்கள். குடிமக்களைவிட வெளிநாட்டினர் எண்ணிக்கை மிகுதி என்பதையும், அவர்களில் இந்தியரே பெருந்தொகையினர் என்பதையும் எழுதலாம்.

பழைய காலத்துக்கு, பிரிட்டிஷ் நூலகமும் கத்தார் தேசிய நூலகமும் சேர்ந்து இணையத்தில் இலவசமாக வைத்துள்ள இந்திய அலுவலக ஆவணங்கள் பெரிய கொடை. பஹ்ரைன் முகவரகத்தின் கோப்புகளில் தந்திகளும் மனுக்களும் அப்படியே உள்ளன. படிக்கும்போது கடிதத்தை எழுதியவர் யார், அவருக்கு எதிலே ஆதாயம் என்பதை முதலில் குறியுங்கள்; மேஜர் டேலி எழுதிய அறிக்கையும் அவரை எதிர்த்தவர் எழுதிய மனுவும் ஒரே நிகழ்ச்சியை இருவேறாகச் சொல்லும். மனு அரபியில் இருந்து முகவரகத்தில் மொழிபெயர்த்ததாயின் அதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

பஹ்ரைனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மன்னரை அவமதிப்பது அங்கே குற்றம். 2014இல் அதற்கான தண்டனை ஏழாண்டுவரை உயர்த்தப்பட்டது. இந்த ஏட்டை ஊரில் வைத்துப் படியுங்கள். அங்கே இருக்கும்போது வாட்ஸ்அப்பில் அரசியல் படங்களையோ காணொளிகளையோ அனுப்பாதீர்கள், பிறர் அனுப்பியதைப் பகிராதீர்கள், கூட்டம் நடக்கும் தெருவில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். வீட்டார், அங்கிருப்பவரிடம் தொலைபேசியில் இது பற்றிக் கருத்துக் கேட்க வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் காலம் நான்காண்டு. 2022 நவம்பரில் நடந்ததால் அடுத்த முறை வருவது 2026. அந்த வரிசைக்கு இப்போதே ஒரு பக்கம் விட்டுவைத்து, நிற்கத் தடையுள்ளோர் யார், தொகுதி எல்லைகள் மாறினவா, கலைக்கப்பட்ட அமைப்புகளுள் எதற்காவது மீண்டும் இடம் கிடைத்ததா என்ற மூன்றையும் வேட்பாளர் பட்டியல் வந்த அன்றே எழுதுங்கள். வென்றவர் பெயர்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.